எங்கள் வீடு கார்கோவில் போன கதை

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அஜ்மானில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில், வெறும் தரையில் செய்தித்தாளை விரித்து நானும் என் வீட்டுக்காரர் ததேயுவும் மகள் ஆன்சியும் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் கீழ்க் கடையிலிருந்து வாங்கி வந்த பரோட்டா. சால்னா ஊற்ற ஒரு கிண்ணம் கிடையாது. பிளாஸ்டிக் பையின் வாயை விரித்துச் சுவரோடு சாய்த்து வைத்து, அதிலேயே தொட்டுத் தின்றோம்.

எங்கள் தட்டு, தம்ளர், குக்கர், தலையணை, ஆன்சியின் பள்ளிச் சீருடை, குழந்தை இயேசு சொரூபம் எல்லாம் அந்த நேரத்தில் ஷார்ஜாவில் ஒரு கார்கோ கடையின் கிடங்கில் இருந்தன. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துக்குக் கப்பலேறக் காத்திருந்தன. ஆனால் அவை போயிருக்க வேண்டிய ஊர் ருவைஸ். அஜ்மான் இருக்கிற அதே கல்ஃப் நாட்டில், எதிர்த் திசையில், காரில் ஏறினால் சில மணி நேரத்தில் வந்துவிடுகிற ஊர்.

ததேயு பரோட்டாவைப் பிய்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தார். போன் அடிக்கும்போதெல்லாம் எண்ணெய்க் கையோடு எழுந்து ஜன்னல் பக்கம் போவார். தனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் செலவழித்துவிட்டு வந்து உட்காருவார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம் முட்டிக்கொண்டு வந்தது, கோபம் ஒரு பக்கம். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் குனிந்தே சாப்பிட்டேன்.

சாமான் போனதுகூடப் பெரிய விஷயமில்லை. நானும் ஆன்சியும் அஜ்மானைவிட்டு ருவைஸுக்குப் போகிறோமா இல்லையா என்பதுதான் அன்றைக்கு விஷயம். அவருக்கு அது முடிவாகிவிட்டது. எனக்கு முடிவாகவில்லை. இது எப்படி இந்த வெறும் தரையில் வந்து நின்றது என்பதற்கு ஒரு பழைய புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

லிஃப்ட் பக்கத்தில் கிடந்தது

சென்ற வாரம் இந்தத் தொடரில், ஒரே அடுக்களையை இரண்டு குடும்பம் பங்கு போட்டுச் சமைத்த கதையை எழுதியிருந்தேன். அந்தப் பாகப்பிரிவினையெல்லாம் முடிந்து நாங்கள் தனி ஃபிளாட்டுக்கு வந்த பிறகு நடந்தது இது. ஆன்சி அப்போது ஐந்தாம் வகுப்பு.

அந்தக் கட்டிடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்கு ஒரேயடியாகப் போகிறவர்கள், விற்காமல் மிஞ்சியதை லிஃப்ட் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். என் இஸ்திரி மேசை அப்படி வந்ததுதான். ஆன்சியின் முதல் சைக்கிளும் அப்படித்தான் வந்தது, அவள் கால் நீண்டதும் அப்படியே கீழே போனது. யார் வைத்தது, யார் எடுத்தது என்று ஒருவரும் விசாரிப்பதில்லை.

அப்படி ஒரு நாள், ஓட்டை விழுந்த மீன் தொட்டிக்குள் கொஞ்சம் புத்தகங்கள் கிடந்தன. ஆன்சி அதில் ஒன்றைக் கொண்டுவந்தாள். தடிப் புத்தகம். அட்டையும் முதல் சில பக்கங்களும் கிழிந்திருந்ததால் பேரும் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. நடுநடுவே பேனாவில் வரைந்த படங்கள் இருந்தன. எடுத்து உதறினால் ஏலக்காய் வாசம் அடித்தது. முன்பு வைத்திருந்தவர்கள் அடுக்களையில் வைத்துப் படித்திருக்க வேண்டும்.

அந்தச் சமயம் அவள் டீச்சர், புது நிலம் தேடிப்போய் முதன்முதலாகக் குடியேறிய குடும்பங்களைப் பற்றிய பழைய சிறுவர் கதை ஒன்றைப் படித்துவிட்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தார். கிழிந்த புத்தகம் சரியாக அதே சங்கதியாக இருந்தது. எந்தக் காலத்திலோ, அமெரிக்காவில், ஓர் அப்பா, ஓர் அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு மாடு. காட்டோரத்து வீட்டை விட்டுவிட்டு மாட்டு வண்டியில் புல்வெளிக்குப் போகிறார்கள். கிணறு தோண்டுகிறார்கள். மண்ணை வெட்டி அடுக்கி வீடு கட்டுகிறார்கள். அந்த அம்மா ஒரு சுவர்க்கடிகாரத்தை மெத்தையில் சுற்றி ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

கடிகாரத்துக்குப் பதில் இட்லிச் சட்டி என்று வைத்துக்கொண்டால் கல்ஃபுக்கு வருகிற எல்லாப் பெண்களுடைய கதையும் இதுதான் என்று எனக்குப் பட்டது. ஏர்போர்ட்டில் கைப்பையில் இட்லித் தட்டை மறைத்துக் கொண்டுவந்த ஆளுதான் நானும்.

கேம்ப்பில் கதை கேட்டவர்கள்

ததேயுவுக்கு ருவைஸில் பிளான்ட் வேலை. மெயின்டனன்ஸ். அஜ்மானிலிருந்து தினமும் போய்வருகிற தூரம் இல்லை. வாரம் முழுக்க அங்கே தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப்பில் இருப்பார். வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்து, நாலு பேரோடு கூட்டு வண்டி பிடித்து வருவார். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கிளம்பிவிடுவார். இரண்டு நாள் இருந்துவிட்டு, டீசல் வாசத்தை மட்டும் வாசலில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி ஒரு வாழ்க்கை. நான் அஜ்மானுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

சாயந்தரத்தில் வீடியோ கால் வரும். "சாப்ட்டாச்சா, படிச்சாச்சா" என்று கேட்டு முடித்துவிட்டால் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச ஒன்றும் இருக்காது. அவள் என்னிடம் போனைத் தள்ளிவிடுவாள். இந்தப் புத்தகம் வந்த பிறகுதான் அது மாறியது. வகுப்பில் சொல்வதற்குப் பழக்கம் வேண்டும் என்று, அன்றன்றைக்குப் படித்ததை ஆன்சி அப்பாவுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். அவள் தமிழ் என்றால், பாதி தமிழ், பாதி பள்ளிக்கூடம்.

முதலில் ததேயு மட்டும் கேட்டார். பிறகு கேம்ப் அறையில் கூட இருப்பவர்களும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்கள். போனை அலமாரி மேல் சாய்த்து வைத்து, தட்டோடு வரிசையாக உட்கார்ந்து கேட்பார்களாம். அவர்களில் வேலுச்சாமி அண்ணன் என்று பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர். அவருக்கு அப்பா, அம்மா, பிள்ளைகள் யாரைப் பற்றியும் அக்கறை இல்லை. எந்த இடத்திலும் குறுக்கே புகுந்து மாடு என்ன ஆச்சு என்று கேட்பார்.

அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு மாட்டைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. இரண்டு அத்தியாயமாக மாடு தலைகாட்டவே இல்லை. ஆன்சி சமாளித்துப் பார்த்தாள். கடைசியில் அண்ணனுக்காகத் தானே அதற்கு ஒரு கன்று போடவைத்துவிட்டாள். அன்றைக்குக் கேம்ப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். பால் எவ்வளவு கறக்கிறது என்று மறுநாள் கேள்வி வந்தபோது அவள் என்னைப் பார்த்து விழித்தாள்.

ததேயுவுக்கு அந்த அப்பாவை ரொம்பப் பிடித்துப்போனது. சீட்டி அடித்துக்கொண்டு வண்டி ஓட்டுவார், எதற்கும் அஞ்சமாட்டார், கையில் கிடைத்ததை வைத்து வீடு கட்டிவிடுவார். இவரும் வாரக் கடைசியில் வந்து குழாயை, கதவுக் கீலை, மிக்ஸியைப் பழுது பார்க்கும்போது சீட்டி அடிக்க ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்து அதற்குமுன் அவர் சீட்டி அடித்ததில்லை. சுருதியும் கிடையாது.

ஏசி இல்லாமல் ஒரு மணி நேரம்

புத்தகத்தில் உள்ளதையெல்லாம் செய்து பார்க்க வேண்டும் என்று ஆன்சிக்கு ஆசை வந்தது. க்ரீமை ஜாடியில் ஊற்றிக் குலுக்கி வெண்ணெய் எடுத்தாள். மாற்றி மாற்றி நாங்கள் மூவரும் குலுக்கி, கை கழன்று, கடைசியில் வந்த வெண்ணெய் ஒரு ரொட்டிக்குப் போதவில்லை. ஆனாலும் அதைப்போல ருசியான வெண்ணெயை நான் தின்றதில்லை.

அடுத்தது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பாடு. அதற்கடுத்து, அந்தக் காலத்து ஆட்களுக்குக் கரன்ட் இல்லையே, நாமும் ஒரு மணி நேரம் ஏசி இல்லாமல் இருப்போம் என்றாள். அது செப்டம்பர் மாதம். அஜ்மான் செப்டம்பரை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்கள், இட்லி வேகிற நீராவியில் நின்றதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏசியை அணைத்துக் கொஞ்ச நேரத்தில் ததேயு சட்டையைக் கழற்றினார். எனக்கு முதுகில் வழிந்தது. ஆன்சி மட்டும் முகம் தக்காளியாய்ச் சிவந்து, விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். எதிர் ஃபிளாட்டு ஃபாத்திமா, அவள் வகுப்புத் தோழி, விளையாட வந்தவள், எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு ஓடிப்போய் அவள் அம்மாவைக் கூட்டி வந்தாள். ஏசி ரிப்பேர் என்று நினைத்து, பாவம், அந்த அம்மா எங்களைத் தங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொள்ளச் சொன்னார். நாங்கள் விளையாடுகிறோம் என்று எப்படிச் சொல்வது? எழுந்து போய் அவர்கள் வீட்டு ஏசியில் உட்கார்ந்து சாயா குடித்துவிட்டு வந்தோம்.

இதை நான் வேலை பார்த்த கிளினிக்கில் சொன்னபோது, டிரெஸ்ஸிங்குக்கு வருகிற உள்ளூர்ப் பெண்மணி ஒருத்தி வயிறு குலுங்கச் சிரித்தாள். அவள் குழந்தையாக இருந்தபோது வீட்டில் ஏசி கிடையாதாம். கோடை வந்தால் கடலோரத்தை விட்டுவிட்டு உள்ளே பேரீச்சந் தோப்புகளுக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்களாம். போகலாமா வேண்டாமா என்று வீட்டில் பேசி முடிவு செய்வீர்களா என்று சும்மா கேட்டுவைத்தேன். வண்டி வந்து நின்றால் ஏறிக்கொள்வோம், பெண்களிடம் எவன் கேட்டான் என்று சொல்லிவிட்டுக் கட்டுப்போட்ட காலை நீட்டினாள்.

கம்பெனி வீடு

இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை ததேயு அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். குடும்பத்தோடு இருக்கிறவர்களுக்குக் கம்பெனி கொடுக்கிற வீட்டுக்கு அவர் பேர் கொடுத்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அது கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் நாம் அங்கே என்றார். இரண்டு பெட்ரூம், முன்னால் கொஞ்சம் மண், பக்கத்தில் கடல், ஆன்சிக்குப் பள்ளிக்கூட பஸ். பேசப் பேசத் தட்டில் சோறு ஆறியது.

நான் மீன் குழம்பை அவருக்கு ஊற்றிவிட்டு எனக்கும் ஊற்றிக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

சொல்வதற்கு இல்லாமல் இல்லை. நான் நர்ஸ். அஜ்மானில் வேலை பார்க்கிற லைசென்ஸ், ருவைஸ் இருக்கிற அபுதாபிப் பக்கத்துக்குச் செல்லாது. அங்கே போனால் வேறு எழுதிப் போட்டு, பரீட்சை எழுதி, கையில் வரும்வரை வீட்டில் உட்கார வேண்டும். கிளினிக்கில் ஒரு கேபினில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. என்னைக் கேட்டு வருகிற நோயாளிகள் இருந்தார்கள். நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, ஆளில்லாத வார்டில் அழுது பழகிய வேலை அது. எனக்கு அதை விட மனமில்லை.

நான் வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். மீனுக்கு உப்பு போதாது என்று அவர் சொன்னால் அரை நாள் சண்டை போடுவேன். பெரிய காரியம் என்று வந்தால்தான் எனக்கு வாய் வருவதில்லை. என் கல்யாணம் பேசி முடித்ததை நான் ஹாஸ்டல் போனில்தான் தெரிந்துகொண்டேன். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் அஜ்மானுக்கு டிக்கெட் வந்தது, என் அப்பாவின் போனுக்கு. அப்பா வாசித்துக் காட்டினார். நான் பெட்டியை எடுத்துத் துடைத்தேன். அதில் ஒரு குறை இருப்பதாக எனக்கே தோன்றியதில்லை.

ஆன்சி முரண்டு பிடிப்பாள், அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள், அதைச் சாக்காக வைத்து நான் தப்பித்துவிடலாம் என்று ஒரு கள்ள நினைப்பு இருந்தது. ஃபாத்திமாவை விட்டு அவள் வரமாட்டாள் என்று நம்பினேன். அவளும் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அதையே முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்ததை ததேயு சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதுவரை எல்லாமே அப்படித்தானே நடந்திருந்தது.

கை எழுதிய விலாசம்

ஒரு மாதம் போய், சாமான் ஏற்றுவதாக இருந்த அந்தச் சனிக்கிழமை எனக்கு மத்தியானம் வரை டியூட்டி. ஆன்சி சர்ச்சில் ஞானோபதேச வகுப்புக்குப் போய்விட்டு அப்படியே ஃபாத்திமா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் டியூட்டியிலிருந்து களைத்து வந்து கட்டிச் சாக வேண்டாமே என்று, ததேயு அன்பின் மிகுதியில் ஒரு காரியம் செய்தார். சூப்பர் மார்க்கெட்டில் காலி கார்ட்டன் பெட்டிகள் கேட்டு வாங்கி வந்து, கட்டிலும் ஃபிரிட்ஜும் தவிர மொத்த வீட்டையும் கட்டிவிட்டார். தெரிந்தவர் மூலமாகப் பிக்கப் வண்டி ஒன்றும் ஏற்பாடு.

கல்ஃபில் இருக்கிற நம் ஆட்களுக்குக் கார்ட்டன் கட்டுவது ஒரு கலை. டேப் சுற்றி, அதன்மேல் நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் இறுக்கி, கைப்பிடிக்கு ஒரு முடிச்சு வைத்து, நாலு பக்கமும் தடி மார்க்கரால் பேரும் ஊரும் போன் நம்பரும் எழுத வேண்டும். ததேயு வாழ்நாளில் கட்டிய பெட்டியெல்லாம் ஊருக்குக் கட்டிய பெட்டிதான். மனசு ருவைஸை நினைத்திருக்கிறது. கை அதற்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறது. எல்லாப் பெட்டியிலும், நாலு பக்கத்திலும், அழகான ஆங்கில எழுத்தில், முட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

வண்டிக்காரர் கான் பாய் பெஷாவர்க்காரர். எங்கே இறக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவர் கடைசிப் பெட்டிக்குப் பல்லால் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர், எல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது பாய், யல்லா, கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார். கான் பாய் இந்த மாதிரிப் பெட்டிகளை எத்தனையோ கண்டவர். பார்த்தார், புரிந்துகொண்டார், நேராக ஷார்ஜாவில் அவருக்கு வழக்கமான கார்கோ கடையில் கொண்டு இறக்கிவிட்டார். பில்லும் போடச் சொல்லிவிட்டு போன் செய்தார். ஊருக்கே போகிறீர்களா பாய், அல்லா நல்லது செய்யட்டும் என்று வாழ்த்தவும் செய்தார்.

நான் டியூட்டி முடிந்து கதவைத் திறந்தபோது என் வீட்டுக்காரர் வெறும் ஹாலின் நடுவில் போனோடு நின்றுகொண்டிருந்தார். நான் பேசினால் எதிரொலித்தது.

என்ன இது என்று கேட்டேன். வண்டி கட்டியாச்சு என்று, அந்தப் புத்தக அப்பாவைப் போலச் சீட்டி அடித்துச் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தாராம். இப்போது அது வரவில்லை.

மறுபடியும் தரையில்

கடைக்காரர் நல்லவர். பெட்டிகள் கிடங்குக்குப் போய்விட்டன, இன்னும் ஏற்றவில்லை, தேடி எடுத்து வைக்கிறோம், சாயந்தரம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆக, சாயந்தரம் வரை தரையும் பரோட்டாவும். ஃபாத்திமா வீட்டிலிருந்து வந்த ஆன்சி வீட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவளோடு பையில் போயிருந்ததால் புத்தகம் மட்டும் பிழைத்திருந்தது. கையைத் துடைத்துவிட்டு அதைத் திறந்தாள்.

"டாடி, உங்களுக்கு இந்த அப்பாவ ரொம்பப் பிடிக்கும்ல?"

பின்ன, ஆம்பிள என்றால் அப்படி இருக்க வேண்டும் என்றார் ததேயு. பேச்சு கார்கோவை விட்டு நகர்ந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி.

"இவங்க மூணு தடவ வீடு மாறுறாங்க. மூணு தடவயும் அவர் வந்து, போறோம்னு சொல்றார். அடுத்த லைன்ல அந்த அம்மா கிளாக்க எடுத்துச் சுத்துறாங்க. வரீங்களான்னு அவங்கள யாருமே ஆஸ்க் பண்ணல. எங்கயாச்சும் இருக்கான்னு புக் ஃபுல்லா தேடிட்டேன்."

அவள் குரலில் கோபம் ஒன்றும் இல்லை. கணக்கில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துக் காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். அது அந்தக் காலம் மக்ளே என்று ததேயு சிரித்தார்.

"நம்மளையும் ஆஸ்க் பண்ணல டாடி."

அவர் சிரிப்பு நின்றது. கையிலிருந்த பரோட்டாவைக் காகிதத்தில் வைத்தார்.  ஒரு மாதமாக நான் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை இவள் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். இப்போது சண்டை வரும் என்று நினைத்தேன். ததேயு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அங்க தனியா கெடந்து மடுத்துப் போச்சு மக்ளே, வெறுத்துப் போச்சு. வெள்ளிக்கெழம இங்க வந்து ஏறும்போதே ஞாயித்துக்கெழம நெனப்பு வந்துருது. அந்த அவசரத்துல எனக்குக் கேக்கத் தோணல."

இத்தனை வருஷத்தில் அவர் அதை என்னிடம் சொன்னதில்லை. கேம்ப் எப்படி என்று கேட்டால் சூப்பர் என்பார். மெஸ் சாப்பாடு சூப்பர், ஏசி சூப்பர், அறைக்காரர்கள் சூப்பர். நானும் அதை நம்பி, இல்லை, நம்புவது சௌகரியம் என்று நம்பி இருந்திருக்கிறேன். எனக்கு அவர்மேல் அப்படியே இரக்கமாக வந்தது.

அவர் ஆன்சி பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"சரி. இப்ப கேக்கேன். நீ ருவைஸுக்கு வாறியா?"

"நோ சொன்னா?"

அவர் போனை எடுத்துத் தரையில் கவிழ்த்து வைத்தார். அந்த வீட்டுக்காக எத்தனை காலம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் அவர் பேர் வரிசையில் கடைசிக்குப் போய்விடும் என்பதும் தெரியும்.

"இல்லன்னா, நான் வழக்கம்போல வெள்ளிக்கெழம வாறேன்" என்றார்.

ஆன்சி புத்தகத்தை மூடினாள். அப்படியானால் இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் திரும்பக் கேளுங்கள் என்றாள். பிறகு என்னைக் காட்டி, "மம்மியையும் ஆஸ்க் பண்ணுங்க" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். கல்யாண ஆல்பத்துக்குப் போட்டோ பிடித்த அன்றைக்குப் பட்ட வெட்கம் அவர் முகத்தில் மறுபடி வந்தது.

"ஸ்டெல்லா, நீ என்ன சொல்லுத?"

எனக்குப் பதில் தயாராக இருந்தது. லைசென்ஸ், கிளினிக், பரீட்சை எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்டதும் அழுகைதான் வந்தது. நான் அழுவதைப் பார்த்து அவர் பயந்துபோய், வேண்டாம் பிள்ளே, வேண்டாம்னா வேண்டாம் என்று என் கையைப் பிடித்தார். என் கையெல்லாம் சால்னா ஆனது. நான் சிரித்துவிட்டேன்.

"இப்ப வேண்டாம். அங்க வேல பாக்கிறதுக்கு லைசென்ஸுக்கு எழுதிப் போடுதேன். அது கையில வரட்டும். அதுக்குப் பெறகு கேளுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சாயந்தரம் கான் பாய் வண்டியில் நாங்கள் மூன்று பேரும் போய் எங்கள் வீட்டை மீட்டுக்கொண்டு வந்தோம். குக்கர் விசில் ஒன்றைத் தவிர எல்லாம் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு

திங்கட்கிழமை ததேயு ஆபீசில் போய், இந்த முறை வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேம்ப்பில் ஒரே கேலியாம். கிடைத்த வீட்டை விடுகிற ஆள் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். வேலுச்சாமி அண்ணன் மட்டும், அவரு வூட்ல கேட்டுச் செய்யிறாரு, ஒங்களுக்கு என்ன என்று அடக்கினாராம்.

எனக்கோ வேறு தொல்லை வந்தது. கேட்கத் தெரிந்துகொண்ட மனிதர் எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்துவிட்டார். இந்தச் சட்டை போடட்டுமா, மீனா கோழியா, ஜன்னலைச் சாத்தவா, நான் இப்போது குளிக்கலாமா. குளிப்பதற்கெல்லாம் என்னைக் கேட்க வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

நான் படித்தேன். டியூட்டி முடிந்து வந்து, ஆன்சி ஒரு பக்கம் வீட்டுப்பாடம் எழுத, மறுபக்கம் நான் பழைய நர்சிங் பாடங்களைப் புரட்டினேன். அவள் என்னைக் கேள்வி கேட்டுப் பரீட்சை வைப்பாள். முதல் முறை தேறவில்லை. இரண்டாவது முறை தேறினேன். லைசென்ஸ் வந்தது. அதை ததேயுவிடம் காட்டினேன். பாராட்டினார், வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு அப்போது அவரிடம் வீடு இல்லை.

அதற்கும் பிறகு நாள்கள் போயின. ஒரு புதன்கிழமை நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது அவர் போன் வந்தது. வேலை முடித்துக் கூப்பிட்டேன். ஒரு வீடு காலியாகியிருக்கிறதாம், இவர் பேரும் வந்திருக்கிறதாம். பக்கத்தில் கடல் என்றோ, முன்னால் மண் என்றோ இந்த முறை அவர் வர்ணிக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுங்க. நாளைக்குச் சொன்னா போதும்" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்குப் பள்ளியிலிருந்து வந்த ஆன்சியிடம் கேட்டேன். லீவுக்கு ஃபாத்திமா அங்கே வந்து தங்க வேண்டும், தானும் இங்கே ஃபாத்திமா வீட்டில் வந்து தங்குவேன், அதற்குச் சம்மதம் என்றால் ஓக்கே என்றாள். ருவைஸ் ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்களா என்று நான் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன். எடுக்கிறார்கள். அவரில்லாத புதன்கிழமைகள் எனக்கும் மடுத்துப்போயிருந்தன. அவ்வளவு நாளும் அதை நானும் அவரிடம் சொன்னதில்லை.

நாளை வரை காத்திருக்க முடியவில்லை. சாயந்தரமே கூப்பிட்டேன்.

"வாறோம்" என்றேன்.

  அவருக்குப் பின்னால் யாரோ, என்னா சொன்னாங்க, என்னா சொன்னாங்க என்று கேட்பது கேட்டது. பதிலுக்கு இவர் சுருதியில்லாமல் சீட்டி அடித்தார்.

இதை ருவைஸில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முட்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு, அங்கிருந்து அஜ்மானுக்கு என்று நான் ஊர் மாறிக்கொண்டே வந்தவள். வருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்த ஊர் எனக்கு இது ஒன்றுதான்.